பீஸ் கட்டையிலிருந்து எம்.சி.பி.க்கு: பழைய வீட்டு மெயின் போர்டை மாற்ற எவ்வளவு ஆகும்?

ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று ஒரு தினுசாக வீசும். குமுளி மலையைத் தாண்டி இறங்கும் அந்தச் சாரல் காற்று வாழைத்தோப்பைச் சாய்க்கும், திராட்சைப் பந்தலை உலுக்கும், மின்கம்பிகளை ஒன்றோடொன்று உரசவிடும். கரண்ட் போகும், வரும். தெருவுக்கே வந்த பிறகும் ஒரு வீட்டில் மட்டும் வராது. "பீஸ் போயிருச்சு போல" என்று யாராவது ஸ்டூலைப் போட்டு ஏறுவார்கள். வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, எங்கேயோ கிடக்கும் வயரை உரித்து, இரண்டு மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகுவார்கள். ஃபேன் சுற்றத் தொடங்கும். வேலை முடிந்தது என்று ஸ்டூல் அடுப்படிக்குத் திரும்பிவிடும்.

ஆபத்து தொடங்குவது அந்த நிமிடத்தில்தான்.

இந்த வட்டாரத்துக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அல்ல. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீரில், கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப் மின்நிலையம் 1958 முதல் மின்சாரம் எடுத்துவருகிறது. தலா 35 மெகாவாட் வீதம் நான்கு எந்திரங்களோடு 1965-ல் முழுமை பெற்ற நிலையம் அது. ஹைவேவிஸ் மலையில் தேங்கும் தண்ணீரில் ஓடும் சுருளியாறு மின்நிலையம் 1978-ல் வந்தது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. இப்படி வீட்டு வாசலிலேயே மின்சாரம் விளையும் ஊர்களில், வீட்டுக்குள் அது நுழையும் மரப்பலகை மட்டும் பல இடங்களில் எழுபது, எண்பதுகளில் அடித்தபடியே இருக்கிறது. சுவருக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று, தரைக்கு டைல்ஸ் போட்டாயிற்று, மாடியும் எடுத்தாயிற்று. மெயின் போர்டை யாரும் தொடவில்லை.

நாலு பல்புக்குப் போட்ட போர்டு

அந்தக் காலத்து வீட்டுக்கு அந்த போர்டு தாராளமாகப் போதும். நாலு குண்டு பல்பு, ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 2 ஆம்பியரைத் தாண்டாது. அதற்கேற்ற மாதிரிதான் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சும், 5 ஆம்பியர் பீஸ் கட்டைகளும், மரச்சட்டத்தில் ஆணி அடித்து ஓட்டிய மெல்லிய வயரும் போட்டார்கள். சில வீடுகளில் அது அலுமினிய வயர்.

இன்றைக்கு அதே வீட்டில் காலை ஏழு மணிக்கு என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். போர் மோட்டார் 1 குதிரைத்திறன் என்றால் ஐந்து, ஐந்தரை ஆம்பியர். மார்கழிக் குளிருக்கு ஓடும் 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 8. ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட், டிவி எல்லாம் சேர்த்து 3. ஆக 25 ஆம்பியர். சித்திரை வெயிலில் கீசருக்குப் பதில் ஒன்றரை டன் ஏ.சி. அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் கணக்கிலேயே வரவில்லை.

பீஸ் கட்டையில் இருக்கும் மெல்லிய கம்பி, வீட்டிலேயே மிகப் பலவீனமான இடமாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள். கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் முதலில் அது உருகும்; வயர் பிழைக்கும். அதில் இரண்டு மூன்று செம்பு இழைகளை முறுக்கிச் சொருகியதும் பலவீனமான இடம் வேறெங்கோ நகர்ந்துவிடுகிறது. சுவருக்குள் இருக்கும் பழைய வயருக்கு, அலுமினியமும் செம்பும் சேரும் இணைப்புக்கு, அல்லது தளர்ந்த சுவிட்ச் முனைக்கு. பீஸ் உருகாது. சுவர் சூடாகும். ஓட்டு வீட்டில் விட்டத்தை ஒட்டி ஓடும் வயர் சூடானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். அதில் அறுந்து விழுந்த கம்பியும் உண்டு, தோட்டத்து மின்வேலியும் உண்டு. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டவர்களும், கொடிக்கம்பியில் துணி காயப்போட்டவர்களும் உண்டு. கடைசி இரண்டையும் பெருமளவு தடுக்கக்கூடிய பொருள் ஒன்று கடையில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஒன்று வயருக்கு, இன்னொன்று உயிருக்கு

கடையில் போய் "எம்.சி.பி. பாக்ஸ் குடுங்கண்ணே" என்று கேட்டால், அவர் எடுத்து வைக்கும் பெட்டிக்குள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று சாமான்கள் உட்கார வேண்டும். மூன்றுக்கும் வேலை வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் பாதிப் பாதுகாப்போடு நின்றுவிடுகிறார்கள்.

முதலாவது ஐசொலேட்டர். இது வெறும் மெயின் சுவிட்ச். கையால் அணைத்தால் அணையும். தானாக எதையும் செய்யாது.

இரண்டாவது எம்.சி.பி. பீஸ் கட்டையின் இடத்தைப் பிடித்தது இதுதான். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினாலும், ஷார்ட் ஆனாலும் தானாக விழும். காரணத்தைச் சரிசெய்துவிட்டுத் தூக்கிவிட்டால் போதும். ஸ்டூல் வேண்டாம், கம்பி வேண்டாம். ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவர் 1924-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நூறு வயதான சரக்கு! ஆனால் இது காப்பாற்றுவது வயரைத்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஒருவர் உடல் வழியாக 100 மில்லி ஆம்பியர் ஓடினாலே உயிர் போகலாம். எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான். அசையாது.

மூன்றாவது ஆர்.சி.சி.பி. இது செய்வது எளிய கணக்கு. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; கண் இமைக்கும் நேரத்தில் மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். ஏறக்குறைய ஒரு 7 வாட் எல்.இ.டி. பல்பு இழுக்கும் கரண்ட்தான் அந்த 30 மில்லி ஆம்பியர். அது யாராவது ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குப் போயிருக்கலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி இறப்பதைத் தடுக்கத்தான் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1950-களில் இதைப் பக்குவப்படுத்தினார். பிறகு வீடுகளுக்கு வந்தது. இன்று ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது இல்லாமல் புது வீட்டுக்கு வயரிங் செய்ய முடியாது. இங்கேயும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் கசிவுப் பாதுகாப்பு இடம்பெற்றிருக்கிறது. தமிழக மின்வாரியமும் 2023-ல் புது இணைப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. பழைய வீடுகளுக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை, வீட்டுக்காரர்களே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

எம்.சி.பி. மட்டும் போட்டு ஆர்.சி.சி.பி.யை "அது தேவையில்லண்ணே, சும்மா சும்மா விழும்" என்று விட்டுவிடுவதுதான் கிராமங்களில் அதிகம் நடக்கிறது. செலவை மிச்சப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்யலாம். பளபளக்கும் மாடுலர் சுவிட்சுகளை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யை இன்றே வாங்கலாம்.

சரி, எவ்வளவு ஆகும்?

உத்தமபாளையம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, ஹால், அடுப்படி, குளியலறை. சிங்கிள் ஃபேஸ். ஒரு மோட்டார், ஒரு கீசர். ஏ.சி. இப்போது இல்லை, மகனுக்குக் கல்யாணம் ஆனால் வரும். இந்த வீட்டுக்குத் தோராயமாகக் கணக்குப் போடலாம். கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். செம்பு விலை ஏறினால் வயர் விலையும் ஏறும்.

எட்டு வழி உள்ள இரட்டைக் கதவுப் பெட்டி 1,200 முதல் 2,000 ரூபாய். மெயினுக்கு 40 ஆம்பியர் டபுள் போல் 300 முதல் 700. 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 1,500 முதல் 2,800. ஒற்றை எம்.சி.பி. ஒன்று 150 முதல் 300 வரை. ஏழு வாங்கினால் 1,050 முதல் 2,100. பஸ் பார், லக், பெட்டிக்குள் இணைக்கும் துண்டு வயர்கள், ஸ்க்ரூ, பூச்சுக்குச் சிமென்ட் என்று சில்லறைச் செலவு 500 முதல் 1,000. சாமான் மட்டும் 4,550-லிருந்து 8,600 ரூபாய் வரை வருகிறது.

எலெக்ட்ரீஷியனும் உதவியாளரும் ஒன்றரை, இரண்டு நாள் வேலை செய்வார்கள். பழைய பலகையைக் கழற்றி, சுவரைக் குடைந்து பெட்டியைப் பதித்து, எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடித்துப் பிரித்துக் கட்டுவது சின்ன வேலை அல்ல. கூலி 2,500 முதல் 4,000 வரை ஆகலாம். மொத்தத்தில் 7,000-லிருந்து 12,600 ரூபாய்க்குள் ஒரு சாதாரண வீட்டின் மெயின் போர்டு மாறிவிடும். ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் விலைதான். போனை மூன்று வருஷத்தில் மாற்றுகிறோம். இந்தப் பெட்டி இருபது வருஷம் இருக்கும்.

இது பெட்டிக்கான விலை மட்டுமே. பெட்டியைத் திறந்ததும் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மீதிச் செலவு வரும். பல வீடுகளில் பட்ஜெட் தடுமாறுவது அங்கேதான்.

மீட்டரிலிருந்து புதுப் பெட்டிக்கு வரும் மெயின் வயர் மெல்லியதாக இருந்தால் அதை மாற்றியாக வேண்டும். கீசருக்கும் ஏ.சி.க்கும் பெட்டியிலிருந்து நேராகத் தனி வயர் ஓட வேண்டும். அதற்கு 4 எம்.எம். வயர், பவர் பிளக்குக்கு இரண்டரை, லைட் ஃபேனுக்கு ஒன்று அல்லது ஒன்றரை என்பது நடைமுறை. 90 மீட்டர் காயில் இரண்டரை எம்.எம். 3,000 முதல் 4,500 வரையிலும், 4 எம்.எம். 5,000 முதல் 7,000 வரையிலும் இருக்கும். முழுக் காயில் தேவையில்லாவிட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், வெட்கப்படாமல் கேட்கலாம். வீடு முழுக்கப் பழைய வயரை உருவிவிட்டுப் புதிதாக இழுப்பது என்றால் ஐம்பதாயிரத்தை எளிதாகத் தாண்டும். சுவரை உடைத்துப் பூசும் கொத்தனார் கூலியும் பெயின்டும் தனி.

அவ்வளவு பணம் கையில் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. பெட்டியும் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் இந்த வருஷம். கீசர், மோட்டார் வயர் தீபாவளி போனஸில். அறைகளின் வயரிங் அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் வீடு முன்னைவிடப் பாதுகாப்பாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானம் கூடாது. புது எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்றால் "பெருசா ஒண்ணு போட்ருங்கண்ணே" என்று கேட்கக் கூடாது. ஒன்றரை எம்.எம். வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுவதும், பீஸ் கட்டையில் மூன்று இழை முறுக்குவதும் ஒரே காரியம்தான். பெட்டி மட்டும் அழகாக இருக்கும். லைட் வயருக்கு 6 அல்லது 10, இரண்டரை எம்.எம்.முக்கு 16, 4 எம்.எம்.முக்கு 20 என்று கட்டுவதே முறை. மோட்டார் கிளம்பும்போது மட்டும் விழுகிறதென்றால் அது 'பி' வகையா, 'சி' வகையா என்று பார்க்கச் சொல்லலாம். கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்குவது 'சி' வகை.

கொல்லையில் இருக்கும் குழி

எர்த் என்றதும் பலரும் காட்டுவது கொல்லைப்புறத்தில் எப்போதோ புதைத்த ஒரு ஜி.ஐ. பைப். கரியும் உப்பும் கொட்டி மூடியது. மேலே சுற்றிய கம்பி துருப்பிடித்து எப்போது அறுந்ததென்று யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் மூன்று துளை பிளக்கின் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருப்பதில்லை.

எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் அதற்கு யாராவது தொட வேண்டும்! வாஷிங் மெஷினின் உடம்பில் கரண்ட் ஏறி நிற்கும். கைபட்டதும் சுரீரென்று அடித்து, அப்புறம்தான் விழும். நல்ல எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே கரண்ட் அந்த வழியாக மண்ணுக்குப் போகும். யாரும் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும்.

இதில் மண்ணுக்கும் பங்கு உண்டு. கம்பம், சின்னமனூர் பக்கம் வயலும் வாய்க்காலும் ஒட்டிய வீடுகளில் மண் ஈரமாகவே இருக்கும், எர்த் நன்றாகப் பிடிக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்து வறண்ட மண்ணிலும், போடி மலையடிவாரத்துப் பாறை நிலத்திலும் கோடையில் அதே பைப் சோம்பேறியாகிவிடும். அங்கே குழியை ஆழப்படுத்தவோ, இரண்டாவதாக ஒரு பைப் இறக்கிச் சேர்க்கவோ நேரலாம். புது எர்த் குழிக்கு 2,500 முதல் 5,000 ரூபாய் வரை ஆகும். பங்குனி, சித்திரையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது அந்தக் காலத்துப் பழக்கம். இன்றும் அது சரியான பழக்கமே.

"ஆர்.சி.சி.பி. நிக்க மாட்டேங்குது!"

புதுப் பெட்டி மாட்டிய அன்று மாலையே பல வீடுகளில் இந்தக் குரல் கேட்கும். தூக்கினால் விழுகிறது, தூக்கினால் விழுகிறது. சாமான் கோளாறு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். பெரும்பாலும் சாமானில் கோளாறு இருக்காது. இத்தனை வருஷம் வீட்டில் மறைந்திருந்ததைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது.

காரணங்களில் முதலிடம் நியூட்ரல் குழப்பத்துக்கு. மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஃபேஸைக் கீழ்வீட்டிலிருந்தும் நியூட்ரலை மாடி வீட்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். பீஸ் கட்டைக் காலத்தில் அது யாரையும் உறுத்தவில்லை. ஆர்.சி.சி.பி.க்கோ போன கரண்ட் திரும்பி வராத கணக்கு. விழும்.

அடுத்தது இன்வெர்ட்டர். 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது ஊர் ஊராக இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அவசர அவசரமாக மாட்டியதில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கெங்கோ கலந்துகிடக்கின்றன. அதைப் பிரிக்காமல் ஆர்.சி.சி.பி. நிற்காது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும் நேரத்தில் மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. பல வீடுகளில் அந்த லைனைக் கவனிப்பதும் இல்லை. வசதி இருந்தால் இன்வெர்ட்டருக்குப் பின்னால் தனியாக ஒன்று போடுவது நல்லது.

மூன்றாவது, நிஜமான கசிவு. கீசர் காயில், நீரில் இறக்கிய மோட்டார், சாரல் ஈரம் இறங்கிய வெளிச்சுவர் சுவிட்ச் பாக்ஸ். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்து எந்த லைன் என்று பிடிக்கலாம். சில நேரம் நியூட்ரலையும் கழற்றிப் பார்க்க வேண்டிவரும். இதற்கு அரை நாள், ஒரு நாள் கூடுதல் கூலி ஆகும். அந்தக் கூலிக்குத் தயங்கித்தான் பலர் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கும். வயர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொம்மை! வேலை பேசும்போதே "கசிவு கண்டுபிடிச்சுச் சரிபண்றதும் சேத்துத்தான் கூலி" என்று பேசிக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பும் தப்பு. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டால் அதற்குத் தெரியாது. கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயர் உரிந்து, அதைத் தாங்கும் இரும்புக் கம்பியில் கரண்ட் ஏறினாலும் தெரியாது. அது மீட்டருக்கு முன்னால் நடக்கும் சங்கதி. அந்தக் கம்பியோடோ, அது கட்டியிருக்கும் பைப்போடோ துணிக்கொடியைச் சேர்த்துக் கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்து, நைலான் கயிறாக மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஐம்பது ரூபாய்.

எது வாரியத்துடையது, எது வீட்டுக்காரருடையது?

மீட்டர் வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரிலும் அதை ஒட்டிய கட்-அவுட்டிலும் இருக்கும் சீலை எலெக்ட்ரீஷியன் உடைக்கக் கூடாது. உடைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அந்தப் பக்கம் கை வைக்க வேண்டிய வேலை என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைன்மேனை வரவழைத்துச் செய்ய வேண்டும். சர்வீஸ் வயர் உரிந்திருந்தாலும் அங்கேதான் சொல்ல வேண்டும். மின்னகம் எண் 94987 94987-லும் புகார் தரலாம்.

பழைய இணைப்புகளில் பதிவாகியிருக்கும் மின்பளு பெரும்பாலும் மிகக் குறைவு. கீசர், ஏ.சி. எல்லாம் வந்த பிறகு கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து அதற்கான ஒருமுறைக் கட்டணத்தைக் கட்டிவிடுவது நல்லது. பளுவைக் கூட்டிச் சொன்னால் மாசாமாசம் நிலைக்கட்டணம் ஏறும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு இணைப்புகளுக்கான நிலைக்கட்டணம் 2022 கட்டண மாற்றத்தின்போதே நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு ஏ.சி. வரை போகும் வீடுகள் த்ரீ ஃபேஸுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போது பெட்டியும் ஆர்.சி.சி.பி.யும் நான்கு முனை கொண்டதாக வாங்க வேண்டும். சாமான் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். த்ரீ ஃபேஸில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் கருகும். நியூட்ரல் இணைப்புகளை இறுக்கிவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

ஆள் விஷயத்திலும் கவனம் வேண்டும். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை. பக்கத்துத் தெருத் தம்பி ஃபேன் மாட்டலாம், டியூப் லைட் மாற்றலாம். மெயின் போர்டு அவருக்கான வேலை அல்ல. சாமானில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கையில் பில்லும் இருக்க வேண்டும். எம்.சி.பி.க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதை மிச்சப்படுத்துகிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால் போலி மாட்டிக்கொண்டாலும் மாற்ற முடியாது. தேனியிலேயே எல்லாம் கிடைக்கும்போது, நூறு இருநூறு குறையும் என்று 75 கிலோமீட்டர் மதுரைக்குப் பஸ் ஏறுவதில் பெரிய லாபம் இருக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிலைதான் சங்கடம். வீட்டுக்காரர் "இத்தன வருசம் ஒண்ணும் ஆகலயே" என்பார். குடியிருப்பவர் "நம்ம வீடா இது" என்பார். இருவருக்கும் இடையில் பீஸ் கட்டை அப்படியே இருக்கும். முழுப் பெட்டியும் மாற்ற ஒப்புக்கொள்ளாவிட்டாலும், மெயினுக்குப் பின்னால் சின்ன உறையில் ஓர் ஆர்.சி.சி.பி. மட்டும் போடலாம். கூலியோடு மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். வாடகையில் இரண்டு தவணையாகக் கழித்துக்கொள்ளலாம் என்று பேசினால் ஒத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போகவும் முடியும். சட்டி பானையோடு அதுவும் ஒரு சாமான்.

வேலை முடிந்து எலெக்ட்ரீஷியன் கிளம்பும் முன் இரண்டு காரியம் பாக்கி. ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே 'மோட்டார்', 'அடுப்படி', 'கீசர்' என்று அவரையே மார்க்கரால் எழுதச் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் எதை இறக்குவது என்று தெரிய வேண்டுமே. அடுத்து, ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டனை அமுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அமுக்கியதும் மொத்த வீடும் டக்கென்று இருண்டால் சரி. அதை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நல்லது. ஆணியில் தொங்கும் ஈ.பி. கார்டின் ஓரத்தில் தேதியைக் குறித்துவைத்தால் மறக்காது. அமுக்கியும் விழாவிட்டால் அன்றே கடைக்கு எடுத்துப்போக வேண்டியதுதான், பில்லோடு.